சிங்கப்பூர் காரும் சுங்கத் தரகரும்

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார். அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அங்கே 10 வருடம் ஓடிய நல்ல ஜப்பான் கார் ஒன்று, இங்கே ஒரு ஜோடி காங்கேயம் காளை விற்கிற விலைக்குக் கிடைக்கிறதாம். ‘கஸ்டம்ஸ் வேலையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், தூத்துக்குடியில் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு தரகர் சொல்லி 1,50,000 ரூபாய் கேட்டிருக்கிறார். அதில் 20,000 ரூபாய் போன் வழியாகப் போய்விட்டது. மீதிக்கு வீட்டு நகையைக் கூட்டுறவு வங்கியில் வைக்கலாமா என்பது கேள்வி.

வைக்க வேண்டாம். அந்தக் காரை முறைப்படி இந்தியாவுக்குள் கொண்டுவர வழி கிடையாது.

கார் மலிவு என்று மகன் சொன்னது உண்மைதான். சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ‘சி.ஓ.இ.’ என்ற உரிமைச் சான்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். அது 10 வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு பெரிய தொகை கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் பதிவை நீக்கி, வண்டியை உடைக்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ வேண்டும். அதனால் இன்ஜின் நன்றாக இருக்கும்போதே வண்டி விலை இறங்கிவிடுகிறது. சிக்கல் எல்லாம் நம் கரையில்தான்.

இந்தியாவின் இறக்குமதிக் கொள்கைப்படி, பழைய வாகனம் என்றால் தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். துபாய், சவூதி வண்டிகள் இந்த இடத்திலேயே நின்றுவிடும். சிங்கப்பூர் வண்டி இதில் மட்டும் தப்பிக்கும். இன்னும் 5 வருடம் சாலையில் ஓடும் தகுதியும், அதுவரை இங்கே சர்வீஸ் கிடைக்கும் என்ற உறுதியும் வேண்டும். கப்பலேற்றும் முன் அங்கே ஒரு பரிசோதனை, இறங்கிய பின் இங்கே ஒரு பரிசோதனை. இங்கே சோதிக்கும் நிறுவனங்களில் ஒன்று, டிராக்டர்களுக்குச் சோதனை நடத்தும் மத்தியப் பிரதேசத்தின் புத்னி நிலையம். இன்னொன்று, பழைய வாகனம் மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம். தூத்துக்குடியில் இறக்கித் தருவேன் என்ற சொல்லிலேயே தரகரின் சரக்கு தெரிந்துவிடுகிறது.

50 வருடம் தாண்டிய ‘விண்டேஜ்’ கார்களுக்குத் தனி விதி உண்டு. அது சேகரித்து வைக்கிற பணக்காரர்களின் விவகாரம்.

சரி, 3 வருடத்துக்கு உட்பட்ட காராக இருந்தால்? அப்போதும் கணக்கு உதைக்கும். பழைய கார் வாங்கிய பில்லை அப்படியே சுங்கத் துறை ஏற்பதில்லை. புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதிலிருந்து தேய்மானம் கழிப்பதுதான் வழக்கம்: முதல் வருடம் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் வருடம் 3, மூன்றாம் வருடம் 2.5. மூன்று வருடத்துக்கும் சேர்த்து 38 சதவீதம்தான் கழியும். புதிதில் 20 லட்சம் விலையுள்ள கார், 3 வருடம் ஓடியபின் 12,40,000 ரூபாய் என்று வைக்கப்படும். அதனுடன் கப்பல் கூலியும் இன்சூரன்சும் சேரும். அந்த மொத்தத்தின் மேல் சுங்க வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் கூட்டினால் வரி மட்டுமே காரின் மதிப்பைத் தாண்டும். கைக்கு வரும்போது 25 லட்சத்துக்கு மேல். பிறகு நம் ஊர் சாலை வரி வேறு.

மாட்டுச் சந்தைத் தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலையைக் கூட்டிக் குறைப்பார். சுங்கத் தரகரும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் வேலை அது இல்லை. 1962-ஆம் வருடச் சுங்கச் சட்டத்தின் 146-ஆம் பிரிவில் உரிமம் பெற்று, இறக்குமதியாளர் சார்பில் ‘பில் ஆஃப் என்ட்ரி’ தாக்கல் செய்வது, பரிசோதனைக்கு உடன் நிற்பது, சரக்கை வெளியே எடுப்பது, இவ்வளவுதான். 2018-ஆம் வருட விதிகளின்படி, வாடிக்கையாளர் சட்டத்தை மீறினால் அவர் அதைச் சுங்க அதிகாரிக்குத் தெரிவிக்கவே கடமைப்பட்டவர். நல்ல தரகராக இருந்தால் காரின் தயாரிப்பு வருடத்தைக் கேட்டதுமே ‘முடியாது’ என்று சொல்லியிருப்பார். வராத சரக்குக்கு முன்பணம் வாங்குபவரிடம் உரிம எண்ணைக் கேட்டால் பெரும்பாலும் பேச்சு மாறும்.

அவர் பேச்சை நம்பிக் காரை ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? துறைமுகத்தில் வண்டி நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். பறிமுதல், அபராதம், திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் காகிதத்தில் இறக்குமதியாளராகப் பெயர் போட்டவர் தலையில் விழும். அங்கே தரகர் பெயர் இருக்காது.

குறுக்கு வழி சொல்பவர்களும் உண்டு. ‘கார்னே’ என்ற சுற்றுலா ஆவணத்தில் கொண்டுவந்து இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அது தற்காலிக அனுமதி. வண்டி திரும்பிப் போயாக வேண்டும். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தி, பூடான் வழியாகக் கடத்தி வரப்பட்டதாகச் சந்தேகித்த கார்களைக் கைப்பற்றியது. அவற்றுக்கு இந்தியப் பதிவெண் இருந்தும் அது காப்பாற்றவில்லை.

ஜப்பானில் ஓடிய பழைய மினி டிராக்டரை இப்படி வரவழைக்கலாமா என்றும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறார். டிராக்டரும் வாகனப் பட்டியலில்தான் வருகிறது. அதே 3 வருடம், அதே மும்பை. பவர் டில்லருக்கு 2020 ஜூலை முதல் மத்திய அரசின் இறக்குமதி உரிமம் இல்லாமல் முடியாது. வந்து சேர்ந்தாலும் பழைய இயந்திரத்துக்கு மானியம் கிடையாது. ஒரு கியர் போனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். நாற்றங்கால் காத்திருக்குமா? உழவுக்கு வண்டி தேவையென்றால், வேளாண் பொறியியல் துறையின் டிராக்டரை ‘உழவன்’ செயலி வழியாக மணிக்கணக்கு வாடகைக்குப் பதிவு செய்யலாம்.

போன 20,000 ரூபாய்க்குத் தாமதிக்க வேண்டாம். ஏமாந்ததாக உறுதியானால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். பணம் அனுப்பிய விவரம், தரகரின் போன் எண், வாட்ஸ்அப்பில் பேசியது எதையும் அழிக்கக் கூடாது. உள்ளூர் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொள்ளலாம். மகனிடம் சொல்லி, அந்தக் கார்க்காரருக்கு முன்பணம் ஏதும் கொடுக்காமல் நிறுத்துவதும் இன்றே நடக்க வேண்டும்.