சுண்ணாம்பு பூசிய கலயம்

திருச்செங்கோட்டுப் பக்கம் அதைத் தெளுவு என்பார்கள். மற்ற ஊர்களில் பதநீர். பாளை சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் விடியற்காலையில் மரத்திலிருந்து இறங்குவது தெளுவு. தடவாவிட்டால் அதே மரம், அதே பாளை, அதே கலயம், இறங்குவது கள். நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தபோது, பனையேறிகளின் பிழைப்பும் போலீஸின் வேலையும் அரசாங்கத்தின் மானமும் அந்த ஒரு விரல் சுண்ணாம்பில் வந்து நின்றன.

அரசு அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் இப்போது 'அஜைல்' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. சின்னதாகத் தொடங்கு, சீக்கிரமே விளைவைப் பார், தப்பைத் திருத்து, பிறகு பெரிதாக்கு. துறைகளையெல்லாம் ஒரே திசையில் நிறுத்து. கணினி நிரல் எழுதுகிறவர்கள் சிலர் 2001-இல் கூடி அறிக்கையாக வெளியிட்ட யோசனை. நல்ல யோசனைதான். சேலம், நாமக்கல் சமவெளிக்காரர்களுக்கு மட்டும் அது புதிதாகத் தோன்ற நியாயமில்லை; 1937 மதுவிலக்கில் அதைப் பார்த்த மண் அது.

ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்றது 1937 ஜூலை 14. (முதலமைச்சரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்.) சேலத்தில் கள்ளுக்கடைகள் மூடியது அக்டோபர் 1. இரண்டரை மாதத்துக்குள் சட்டம் போட்டு ஒரு மாவட்டத்தையே திருப்பிவிட்டாரே என்று மலைப்பாக இருக்கும், கணக்கை ஜூலையில் தொடங்கினால். அவர் 1900 முதல் சேலத்தில் வக்கீல். 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவர். 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி அங்கேயே குடியிருந்தார். நூல் நூற்றுக் கூலி வாங்கிப் போகும் குடும்பங்களில் அந்தக் காசு வீடு போய்ச் சேருகிறதா, வழியிலேயே கரைகிறதா என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர். 1929-இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற மாதப் பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார். கூட இருந்து வேலை செய்தவர் கல்கி. ஆக, அந்த இரண்டரை மாதத்துக்குப் பின்னால் பன்னிரண்டு வருடம் இருக்கிறது.

மாகாணம் முழுவதையும் ஒரே நாளில் மூடக் கஜானா இடம் கொடுக்கவில்லை. அன்றைய மாகாண வருவாயில் ஏறக்குறைய கால் பங்கு ஆப்காரிப் பணம், அதாவது கள், சாராயத்தில் வந்த வரி. பள்ளிக்கூடங்களுக்குப் போனதும் அதிலிருந்துதான். கல்வி அமைச்சரோ குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயன், அதே திருச்செங்கோட்டு மண்காரர். நிதி இலாகாவை ராஜாஜி யாரிடமும் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டார். நஷ்டத்தைக் காட்டித் திட்டத்தை நிறுத்தக்கூடிய நாற்காலியில் திட்டக்காரரே உட்கார்ந்திருந்தார். அதில் சாமர்த்தியமும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஆபத்து வெளியே தெரியப் பதினாறு வருடம் ஆயிற்று.

எனவே ஒரே ஒரு மாவட்டம். ஆனால் அன்றைய சேலம் என்பது இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. 1931 கணக்கெடுப்பில் சுமார் 24 லட்சம் பேர். தேதியையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கள்ளுக்கடைக் குத்தகை ஆண்டு செப்டம்பரோடு முடியும். நடுவில் மூடினால் நஷ்டஈடு, வழக்கு, வாய்தா. அக்டோபர் 1 என்றால் புதிதாக ஏலம் விடாமல் இருந்தாலே போதும், கடை தானாக மூடிக்கொள்ளும். மறுநாள் காந்தி பிறந்தநாள் என்பது கூடுதல் வசதி.

நடத்திக் காட்டும் பொறுப்பு கலெக்டர் ஏ. எஃப். டபிள்யூ. டிக்ஸன் கையில் வந்தது. வெள்ளைக்கார ஐ.சி.எஸ். அதிகாரி. சில வருடங்களுக்கு முன்புவரை கள்ளுக்கடை மறியல் செய்த காங்கிரஸ்காரர்களைப் பிடித்து உள்ளே போட்டது இதே நிர்வாகம்தான். இப்போது அந்த மறியலையே சட்டமாக்கி அதே அதிகாரிகள் கையில் கொடுத்தாகிவிட்டது. அதிகாரிகளை இப்படி நம்புகிறாரே என்று ராஜாஜியின் கட்சிக்காரர்களே முணுமுணுத்தார்கள். டிக்ஸன் முழு மூச்சாக இறங்கி வேலை செய்தார். செய்ய வேண்டியது இன்னது, இந்த நாளுக்குள், இந்த எல்லைக்குள் என்று தெளிவாகச் சொன்னால் நல்ல அதிகாரி யாருடைய திட்டம் என்று கேட்பதில்லை. குழப்பிச் சொன்னால்தான் கேட்பார்.

கடையை மூடுவது ஒரு நாள் வேலை. மூடிய பிறகு வருகிற சாயங்காலம்தான் சிக்கல். வேலை முடிந்து, கையில் கூலியோடு, உடம்பு வலியோடு ஓர் ஆள் ஆறு மணிக்குத் தெருவில் நிற்கிறான். கால் பழகிய பக்கம் போகும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்பது சேலத்தில் புரிந்திருந்தது. தேநீர், மோர், பஜனை, நாடகம், விளையாட்டு, சிக்கனச் சங்கம் என்று கிராமத்துக்குத் தக்கபடி ஏற்பாடு செய்தார்கள். மணியக்காரர், தலையாரி வரைக்கும் தகவல் சொல்லும் கடமையைச் சட்டம் வைத்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் மிச்சமான காசு எங்கே போயிற்று என்று சேலத்தில் ஆய்வு நடத்தினார். திட்டம் தொடங்கிய உடனேயே அளந்து பார்க்க வெளியாளை விட்டது இன்றைக்கும் அபூர்வம். நம்மூரில் மதிப்பீட்டு அறிக்கை பெரும்பாலும் திறப்பு விழாப் புகைப்படத்தோடு முடிந்துவிடும்.

பிறகுதான் விரிவு. 1938 அக்டோபரில் சித்தூரும் கடப்பையும். 1939 அக்டோபரில் வட ஆர்க்காடு. வருமான ஓட்டையை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் அப்படி ஒன்று அதுவே முதல். வியாபாரிகள் கொதித்தார்கள். மதுவிலக்கு வந்தது போனது, போனது வந்தது. அதற்குச் செலவு கொடுக்கப் பிறந்த வரி போகவே இல்லை. இன்று கடையில் வாங்கும் ஒவ்வொரு ரசீதிலும் அதன் பேரப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

எல்லாரும் ஒரே திசையில் நின்றார்கள் என்று எழுதிவிட்டுப் போனால் மரமேறிக்குத் துரோகம். தெளுவு இறக்கி வெல்லம் காய்ச்ச அவனுக்கு வழி விட்டார்கள், உண்மை. கள் மரத்தடியிலேயே காசாகும். தெளுவு அப்படியல்ல: வெயில் ஏறுமுன் காய்ச்ச வேண்டும், விறகு வேண்டும், வீட்டுப் பெண்கள் பாதி நாள் அடுப்படியில் நிற்க வேண்டும், அப்புறம் வெல்லத்தை விற்க வேண்டும். சுண்ணாம்பு சரியாகத் தடவியிருக்கிறதா என்று பார்க்க வருகிறவனுக்கும் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டியிருந்திருக்கும். அது எந்தக் கோப்பிலும் ஏறியிருக்காது. மேலே பிரதமர் முதல் கீழே தலையாரி வரை அரசாங்கத்துக்குள் ஒரே குரல். மரத்தின் உச்சியில் இருந்தவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை.

1939 அக்டோபர் கடைசியில் அமைச்சரவை ராஜினாமா செய்தது. போர் நடுவே கவர்னரின் ஆலோசகர்கள் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. திரும்ப வந்து, 1948 அக்டோபர் 2 முதல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் பரவியது.

சேலத்தில் பொறுமையாக நடந்த அதே ராஜாஜி, மீண்டும் முதலமைச்சராக இருந்த 1953-இல் என்ன செய்தார் என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு, மீதிப் பொழுது வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று பெயர் பெற்ற திட்டம். சோதனைக்கு ஒரு மாவட்டம் என்றில்லாமல் கிராமப் பள்ளிகள் முழுவதும் ஒரே மூச்சில். அமைச்சரவையிலும் கட்சியிலும் பேசி ஒப்புதல் வாங்கவில்லை. சட்டமன்றத்தில் கைவிடச் சொன்ன தீர்மானத்துக்கு வாக்குகள் சமமாக நின்றன. 1954 ஏப்ரலில் அவர் விலகினார்; காமராஜர் வந்ததும் திட்டம் போனது.

திருச்செங்கோட்டில் வைகாசித் தேர் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடம் பிடிப்பவர்களுக்குத்தான் கூட்டமும் கோஷமும். தேர் தெருமுனையில் திரும்புவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களால். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சக்கரத்தை ஒட்டியே ஓடுவார்கள். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை. தேருக்கு அதுதான் திசை. 1937-இல் கஜானா, கட்சிக்குள் முணுமுணுப்பு, கவர்னர் என்று ராஜாஜியைச் சுற்றிக் கட்டைகள் இருந்தன. பார்த்துப் பார்த்துத் திருப்பினார். 1953-இல் கட்டைக்காரர்களைக் கேட்காமலே இழுத்தார்.

கேட்காமலே இழுக்கும் இந்தப் பழக்கம் அவரோடு போய்விடவில்லை. 2018-இல் சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலை என்றார்கள். நிலத்துக்காரரிடம் பேச்சு வருமுன் போலீஸ் காவலோடு அளவைக்கல் வந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. வருவாய்ப் பதிவேட்டில் அவசரப்பட்டுச் செய்த பெயர் மாற்றத்தை மட்டும் செல்லாதென்றது. இத்தனைக்குப் பிறகும் சாலை வரவில்லை.

1971-இல் அரசு மதுவிலக்கைத் தள்ளிவைக்கப் போகிறது என்றதும், தொண்ணூற்றிரண்டு வயதில் ராஜாஜி மழையில் கருணாநிதியின் வீடு தேடிப்போய் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. 2003 முதல் மதுக்கடைகளை டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. கள்ளுக்கோ 1987 ஜனவரி 1 முதல் தடை. அது இன்றும் நீங்கவில்லை.

தை பிறந்தால் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே சாலையோரத்தில் தெளுவுக்காரர் சைக்கிளை நிறுத்தியிருப்பார். காலை ஏழு மணிக்குள் போக வேண்டும், வெயில் ஏறினால் கிடைக்காது. வாங்குகிறவர்கள் குடிக்குமுன் கலயத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே அடிவரைக்கும் வெள்ளை தெரியும்படி, கலயத்தைச் சற்றுச் சாய்த்துக் காட்டுவார் அவர்.