சத்ருமல்லன் ஜிமிக்கி

பத்திரிகையில் எழுதுகிறவனுக்குப் பேர் வைக்க நன்றாக வரும் என்று உறவுக்காரர்கள் மத்தியில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. இதுவரை பதினோரு குழந்தைகள், மூன்று வீடுகள், ஒரு ரைஸ்மில், ஒரு கறவை மாடு இத்தனைக்கும் பேர் வைத்திருக்கிறேன். (இதில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது மாடு ஒன்றுதான்.) அந்த வரிசையில், தளவானூரிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள்.

"மாமா, அவசரமா ஒரு பேர் வேணும்."

"ஆணா, பொண்ணா?"

"ஜிமிக்கி மாமா."

விஷயம் இதுதான். ஒரு வருஷமாகச் சுடுமண்ணில் நகை செய்கிறாள். அக்கம்பக்கத்தில் கொடுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கொடுத்து, இப்போது செஞ்சியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர்காரர், "அம்பது ஜோடி குடும்மா, அட்டையில குத்தி, மேல கம்பெனி பேர் போட்டுக் குடு" என்று கேட்டிருக்கிறார். கம்பெனி என்பது அவள், ஒரு முறம், இரண்டு ஊசி, ஓர் ஓட்டைப் பானை. அதற்குப் பேர் வேண்டும்.

மண்ணில் நகை செய்வது என்ன பிரமாதம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். களிமண்ணை ஊறவைத்துக் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்ட வேண்டும். கடுகளவு கல் மாட்டியிருந்தாலும் சுடும்போது அந்த இடத்தில் தெறித்துவிடும். பிறகு சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வேண்டும். உள்ளே காற்று தங்கக் கூடாது. உருட்டித் தட்டிக் குடை செய்து, ஈரம் இருக்கும்போதே ஓட்டை போட்டுவிட வேண்டும். காய்ந்த பிறகு ஞாபகம் வந்து ஊசியை எடுத்தால் இரண்டாகப் பிளந்துவிடும். காயவைப்பது நிழலில்தான், வெயிலில் வைத்தால் விரிசல். காயக் காயச் சுருங்குவதால் இடது காதையும் வலது காதையும் ஒரே நாளில், ஒரே பதத்தில் செய்தாக வேண்டும். அப்புறம் பானைக்குள் உமியும் வறட்டியும் போட்டுச் சுடுவது. காற்று நன்றாகப் போனால் சிவப்பு. காற்றை அடைத்துப் புகைய விட்டால் கறுப்பு. பெயிண்ட் இல்லாமலே இரண்டு கலர்!

குடும்பத்தில் ஆளுக்கொரு பேர் தயாராக இருந்தது. மேல்மலையனூர் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அங்காளம்மனை விட்டு வேறு பேரா என்றார் அவள் மாமனார். 'கிரியேஷன்ஸ்' என்று முடிய வேண்டும் என்றார் மாப்பிள்ளை. முன்னால் என்ன வரவேண்டும் என்பதில் அவருக்கு அபிப்பிராயம் இல்லை. சம்பந்தியம்மா பேரனின் பேரை வைக்கச் சொன்னார். பேரனுக்கு மூன்று வயது. களிமண்ணோடு அவனுக்கு உள்ள தொடர்பு, யாரும் பார்க்காதபோது அதைத் தின்பது. நியூமராலஜிக்காரர் ஒருவர், எந்தப் பேராக இருந்தாலும் இங்கிலீஷில் நடுவில் ஒரு 'எச்', கடைசியில் இன்னொரு 'ஏ' சேர்த்தால் கொட்டும் என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். என்ன பேர் என்று அவர் கடைசி வரை கேட்கவே இல்லை.

"உன் பேரையே வச்சா என்ன?" என்றேன்.

சிரித்தாள். "போங்க மாமா. என் பேர்ல போயி யாராவது கம்பெனி வைப்பாங்களா?"

இதைச் சொன்னது தளவானூர்ப் பெண் என்பதுதான் வேடிக்கை. (தென்பெண்ணையில் 2021இல் தடுப்பணை உடைந்த தளவானூர் வேறு. பேர் வைப்பதில் ஊர்களுக்கே இந்தக் குழப்பம் உண்டு.) செஞ்சிப் பக்கத்துத் தளவானூரில், பஞ்சபாண்டவ மலை என்று சொல்கிற குன்றில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோயில் இருக்கிறது. முகப்பில் இரண்டு தூண்களுக்கு நடுவில், மேலே வளைவாக ஒரு மகர தோரணம். பாறைக்கு நெற்றிச்சுட்டி கட்டிவிட்டது போல இருக்கும். கோயிலுக்குப் பேர் சத்ருமல்லேஸ்வராலயம்.

யார் இந்தச் சத்ருமல்லன்? சாட்சாத் மகேந்திரன்தான். எதிரிகளோடு மல்லுக்கு நிற்கிறவன் என்று பட்டம். சீயமங்கலத்தில் குடைந்தபோது அவனிபாஜனன் என்ற இன்னொரு பட்டத்தை வைத்து அவனிபாஜன பல்லவேஸ்வரம் ஆக்கினான். திருச்சி மலைக்கோட்டையில் லளிதாங்குர பல்லவேஸ்வர கிருஹம். மகேந்திரவாடியில் சுற்றி வளைக்காமல் நேராக மகேந்திர விஷ்ணு கிருஹம். எல்லாம் ஒரே முதலாளி. என் பேரில் யாராவது வைப்பார்களா என்று அந்த மனுஷன் ஒரு நிமிஷம்கூட யோசித்ததாகத் தெரியவில்லை.

மண்டகப்பட்டுக் குகையில் அவன் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் விசித்திரசித்தன் உண்டாக்கியது என்று கல்வெட்டு. (விசித்திரசித்தனும் அவன்தான்.) சரக்கில் என்ன இல்லை என்று சொல்லிப் பெருமைப்படுகிற வித்தை ஷாம்பூ கம்பெனிகள் கண்டுபிடித்தது இல்லை. சுமார் 1,400 வருஷப் பழசு.

இதை அக்கா மகளுக்குச் சொன்னதில் ஒரு உடனடி லாபம் இருந்தது. கவரிங் தோடு போட்டால் காது அரித்துப் புண்ணாகிறது என்கிற பெண்களில் பலருக்குக் காரணம் நிக்கல். மண் ஒன்றும் செய்யாதுதான். ஆனால் காதுக்குள் போவது மண் இல்லையே, கம்பிதானே! கொக்கியை நிக்கல் கலக்காததாகத் தேடி வாங்கு, அட்டையில் 'நிக்கல் இல்லை' என்று போடு என்றேன். ஜோடிக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகும் என்றாள். ஆகட்டும். மகேந்திரன் பாறையைத் தேடி அலையவில்லையா?

தளவானூர்க் குகையில் தமிழ்ப் பாட்டு ஒன்றும் வெட்டியிருக்கிறது. ஊரின் பழைய பேர் வெண்பேடு என்பது அதில் வருகிறது. பாட்டைச் சொன்னவர் செல்லன் சிவதாசன் என்றும் இருக்கிறது. ஆக, ராஜா பேர் இருக்கிறது, ஊர் பேர் இருக்கிறது, பாட்டு எழுதினவர் பேர் இருக்கிறது. உளி பிடித்து அத்தனை பாறையையும் கொத்தி எடுத்தவர் பேர் மட்டும் இல்லை. நகைத் தொழிலிலும் இதே வழக்கம்தான். பரதநாட்டிய மேடையில் மின்னுகிற சிவப்புக் கல் டெம்பிள் ஜுவல்லரிக்கு நாகர்கோவில் வடசேரிதான் தாய்வீடு. நாகர்கோவில் பேரில் புவிசார் குறியீடுகூட வாங்கியாகிவிட்டது. ஊருக்குப் பெருமை. ஆனால் கழுத்தில் போட்டிருப்பவரிடம் கல் பதித்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கடை பேரைச் சொல்வார்.

இவள் விஷயத்தில் ராஜாவும் இவள்தான், உளியும் இவள்தான். அப்புறம் எதற்கு மூன்று வயதுப் பையன் பேர்?

மாப்பிள்ளையின் 'கிரியேஷன்ஸ்'க்குச் செஞ்சிக் கோட்டையே பதில் சொல்லும். 1649 வாக்கில் பிடித்த பீஜப்பூர்க்காரர்கள் அதைப் பாதுஷாபாத் ஆக்கினார்கள். 1677இல் சிவாஜி பிடித்தார். மொகலாயப் படை ஏழெட்டு வருஷம் வெளியே காத்துக் கிடந்து, 1698இல் ஒருவழியாக உள்ளே நுழைந்து, தளபதி ஜுல்பிகார் கானின் நுஸ்ரத் ஜங் பட்டத்தை ஒட்டி நுஸ்ரத்கட் என்று பேர் மாற்றியது. அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள், அப்புறம் வெள்ளைக்காரர்கள். இன்றைக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, "நுஸ்ரத்கட் ரெண்டு" என்று கேளுங்கள், கண்டக்டர் என்ன சொல்கிறார் பார்க்கலாம். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் தமிழ்நாட்டிலிருந்து போனது செஞ்சி. கண்டக்டர் வாயில் நுழையாத பேர் நிற்காது, மாப்பிள்ளை.

அதற்காகப் புதுப் பேர் உண்டாக்கவே கூடாது என்று இல்லை. டைட்டான் என்றால் ஏதோ கிரேக்க ராட்சசன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1984இல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்தது அது. டாட்டா இண்டஸ்ட்ரீஸின் முதலெழுத்துகளையும் தமிழ்நாட்டின் முதலெழுத்துகளையும் ஒட்டினால் டைட்டான். அவர்களே நகைக்கு வந்தபோது, பொற்காசையும் கழுத்தணியையும் குறிக்கும் 'நிஷ்க' என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கு முன்னால் டாட்டாவின் 'டா'வைப் போட்டு தனிஷ்க். அழகான பேர். ஆனால் ஆரம்பத்தில் 18 காரட் நகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததால் நம் ஜனங்கள் சீண்டவில்லை. 22 காரட்டுக்கு இறங்கி, இல்லை ஏறி வந்த பிறகுதான் வியாபாரம். பேர் கடை வாசல் வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு வரும்.

பேரைப் பதிவு செய்வது பற்றி அவளுக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். டிரேட் மார்க்கில் நகைகளுக்கு 14ஆம் வகுப்பு. தனி நபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் 4,500 ரூபாய், கம்பெனிக்காரர்களுக்கு 9,000. பதிவானால் பத்து வருஷம், பிறகு புதுப்பிக்கலாம். ஏற்கெனவே யாராவது வைத்திருக்கிறார்களா என்று தேடுவது இலவசம். 'சுடுமண் ஜிமிக்கி' என்று சரக்கையே பேராக வைத்தால் சாதாரணமாகத் தர மாட்டார்கள். 'செஞ்சி நகை' என்று வெறும் ஊர்ப் பேரும் அப்படித்தான். நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரியும் ஜிமிக்கி செய்யலாம், அவளும் செஞ்சிக்காரிதானே? சாமி பேருக்கு வேறு சிக்கல். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்று ஒருவர் உரிமை கேட்ட வழக்கில், புனித நூலின் பேரை ஒருவர் தனக்கு மட்டும் என்று கேட்க முடியாது என்று 2015இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அங்காளம்மனும் எல்லாருக்கும் பொது, சம்பந்தி கோபித்துக்கொள்ளக் கூடாது. விண்ணப்பித்தவுடன் பேர் பக்கத்தில் 'டிஎம்' போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவான பிறகுதான். முன்னாலேயே போட்டால் குற்றம்.

உத்யம் பதிவு இலவசம். காசு கேட்கிற புரோக்கரைத் திருப்பி அனுப்பலாம். ஜி.எஸ்.டி.யை, தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்று வருஷம் நாற்பது லட்சத்தைத் தாண்டும்போது யோசித்தால் போதும். பின்னால் கடையே போட்டால் போர்டில் தமிழ் முதலில், பெரிதாக வரவேண்டும். தமிழ், இங்கிலீஷ், பிற மொழி 5:3:2 என்பது விதி.

பேர் ஒருவழியாக முடிவானது. டைட்டான் பாணிதான். அவள் பேரில் பாதி, வெண்பேட்டில் பாதி. முழுசாக இங்கே எழுதினால் ஆசிரியர் விளம்பரக் கட்டணம் கேட்பார்.

"சரி, ஜோடி என்ன விலை?" என்று சும்மாதான் கேட்டேன்.

"எம்பது ரூபா மாமா. கடைக்காரருக்கு அதுல முப்பது பர்சன்ட்."

"உனக்கு என்ன நிக்கும்?"

"அம்பத்தாறு. மண்ணு, பெயிண்டு, கொக்கி, அட்டை எல்லாம் இருபத்தெட்டு. மிச்சம் இருபத்தெட்டு லாபம்."

"செய்ய எவ்வளவு நேரம்?"

"எல்லாம் சேத்து ரெண்டு மணி நேரம் ஆகும். ஆனா அது வீட்லதானே மாமா."

இந்த 'வீட்லதானே'யை நம் வீட்டுப் பெண்கள் எத்தனை தலைமுறையாகச் சொல்கிறார்களோ! பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். மணிக்குப் பதினாலு ரூபாய். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. ஏரிக்கரையில் மண் அள்ளுகிறவருக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு இவள் அதே மண்ணைச் சலித்து, செதுக்கி, சுட்டு, பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறாள். அந்தக் கூலியாவது வேண்டுமென்றால் 28உம் 84உம் சேர்த்து 112. கடைக்காரர் முப்பது பர்சன்ட் எடுத்த பிறகு 112 நிற்க வேண்டுமானால் விலை 160.

"நூத்தி அறுபதா? யாரு வாங்குவா?" என்றாள். மாப்பிள்ளையும் அதையே கேட்டார். மூன்றாவதாகச் சம்பந்தியம்மா உள்ளேயிருந்து வந்தார். அவரும் அதையே கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "ராத்திரி பதினோரு மணி வரைக்கும் லைட்டைப் போட்டுக்கிட்டுக் குந்தியிருக்கா. கரண்டு காசு எந்தக் கணக்குல வருது?" என்று கேட்டார். அதை நானும் விட்டிருந்தேன்.

கடைக்காரர் 160 என்றதும் முதலில் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வாங்கிப் பார்த்தார். பேர் இருந்தது, 'தளவானூர்' இருந்தது, 'நிக்கல் இல்லை' இருந்தது. பேசிப் பேசி 150க்கு வந்து, ஐம்பது இல்லை, முப்பதுதான், விற்றால்தான் காசு என்று எடுத்துக்கொண்டார். நேற்று வரை பத்தொன்பது ஜோடி போயிருக்கிறது. இரண்டு ஜோடி, வாடிக்கையாளர்கள் கையில் எடுத்துப் பார்த்ததில் கீழே விழுந்து உடைந்ததாம். அது யார் கணக்கில் என்று சம்பந்தியம்மா செஞ்சிக்கே பஸ் ஏறிப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார்.