விளக்கேற்றி வீட்டை இடிக்கும் நட்சத்திரம்

கடந்த பிப்ரவரியில் ஓர் இரவு, போர்ட்டிக்சன் கடற்கரையில் நண்பர் ஒருவரின் சிறிய தொலைநோக்கியைச் சுற்றி நின்றிருந்தோம். மணி ஒன்பது தாண்டியிருந்தது. அந்த மாதத்தில் அந்நேரம் ஓரியன் விண்மீன் கூட்டம் நமக்குத் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் அதன் இடைக்கச்சை. நம்முடைய திருவாதிரையும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. கச்சையிலிருந்து தொங்கும் வாளின் நடுவே லேசான புகைபோலத் தெரிவதுதான் ஓரியன் நெபுலா.

நண்பரின் மகன், படிவம் இரண்டு படிப்பவன், ஆவலோடு கண்ணை வைத்தான்.

"சாம்பல் கலராத்தான் இருக்கு அங்கிள். படத்துல சிவப்பா இருந்துச்சே? நெருப்பு எரியிற மாதிரி?"

அவன் ஏமாற்றம் நியாயமானது. மங்கிய ஒளியில் நம் கண்ணால் நிறம் பிரிக்க முடியாது; கேமரா நெடுநேரம் ஒளியைச் சேர்த்து நிறத்தைக் காட்டிவிடும். ஆனால் அங்கே எதுவும் எரியவில்லை. இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயு. அதன் மையத்தில் நெருங்கி நிற்கும் நான்கு நட்சத்திரங்களில் பெரியது தீட்டா-1 ஓரியோனிஸ் சி. நிறை சூரியனைப்போல் 30 மடங்குக்கு மேல். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி சூடு என்றால், இதற்கு 39,000 டிகிரி அளவில் இருக்கும். அந்தச் சூட்டில் கொட்டும் புற ஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எறிகின்றன. பிரிந்தவை மறுபடி ஒட்டும்போது சிவப்பு ஒளி பிறக்கிறது. கடைவாசல் நியோன் விளக்குக்கு மின்சாரம்போல, இந்த மேகத்துக்கு அந்த நட்சத்திரம்.

இப்போது நாம் பார்க்கும் ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய 1,350 ஆண்டுகள் ஆகின்றன. சீனத் துறவி இ-சிங் நம் கெடாவில் தங்கிச் சென்ற காலத்தை ஒட்டிய ஒளி!

"நட்சத்திரங்களின் தொட்டில்" என்று இதை நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். அது பாதி உண்மைதான். அந்தப் பெரிய நட்சத்திரத்திலிருந்து நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் ஒரு காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. போயிங் 747 விமானத்தில் தொலைநோக்கியைப் பொருத்திப் பறக்கவிட்ட சோஃபியா ஆய்வகம் அதன் விளைவை அளந்தது. 2019-இல் முடிவு வெளிவந்தது. நட்சத்திரத்தைச் சுற்றி ராட்சதக் குமிழி ஒன்று ஊதிக்கொண்டிருக்கிறது. அதன் ஓடு நொடிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குக் கால் நிமிடம்! புதிய நட்சத்திரங்களாகத் திரள வேண்டிய வாயுவை அந்தக் காற்றே வெளியே தள்ளிவிடுகிறது. பிறந்த வீட்டுக்கு விளக்கேற்றிய பிள்ளையே சுவரையும் இடிக்கிறது.

அண்டை வீட்டுப் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். அங்குள்ள இளம் நட்சத்திரங்களைச் சுற்றித் தட்டையான வாயு, தூசு வட்டுகள் உண்டு. கோள்கள் உருவாவது அவற்றில்தான். ஹபிள் எடுத்த படங்களில், பெரிய நட்சத்திரத்துக்கு அருகில் இருப்பவை கண்ணீர்த்துளி வடிவில் வால் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லா வாலும் அதற்கு எதிர்த்திசையிலேயே இருக்கும். கதிர்வீச்சு அந்த வட்டுகளை ஆவியாக்கிக்கொண்டிருக்கிறது. வியாழனைப் போன்ற பெரிய கோள் உருவாகும் முன்பே வாயு தீர்ந்துபோகக்கூடும்.

பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம சூரியனும் இப்படி ஒன்னு பக்கத்துலதான் பொறந்துச்சா?" என்றான்.

பழைய விண்கற்களில் அலுமினியம்-26 சிதைந்துபோன தடம் இருக்கிறது. அதை வைத்து, சூரியன் பிறந்தபோது பெரிய நட்சத்திரங்கள் அக்கம்பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதைச் சொன்னேன்.

"அப்போ நாம தப்பிச்சுட்டோம்," என்றவன் மறுபடியும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். அடுத்து வரிசையில் நின்ற அவன் அப்பாவுக்கு அன்று வெகுநேரம் இடம் கிடைக்கவில்லை.