தயிர் ஃபார்வர்டும் ரத்தப் புற்றுநோயும்

"தினமும் ஒரு கப் தயிர் சாப்பிட்டா பிளட் கேன்சர் கிட்டவே வராது." போன வாரம் எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல வந்த ஃபார்வர்ட் இது. கீழே வரிசையா தம்ஸ்-அப். எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. ஏன்னா இது வெறும் கட்டுக்கதை இல்ல. ஒரு நல்ல ஆராய்ச்சியோட வாலை மட்டும் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்காங்க.

உண்மையில நடக்கிறது வேற. லுகேமியா மாதிரி ரத்தப் புற்றுநோய் வந்த சிலருக்கு இன்னொருத்தரோட ஸ்டெம் செல்லை ஏத்துவாங்க. அதுக்கு முன்னாடி கொடுக்குற கீமோவுல வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட காலி. அந்த நேரத்துல தொற்று வந்தா உயிருக்கே ஆபத்து, அதனால ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆகணும். ஆனா அந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. குடல்ல இருந்த பல வகை பாக்டீரியாவும் அழிஞ்சு, சில பேருக்கு என்டரோகாக்கஸ் மாதிரி ஒரே கூட்டம் மொத்த இடத்தையும் பிடிச்சுக்குது.

நியூயார்க், டர்ஹாம், ரீகன்ஸ்பர்க், சப்போரோ ஆகிய நாலு ஊர் சிகிச்சை மையங்கள்ல 1,362 நோயாளிகளோட 8,767 மல மாதிரிகளை (ஆமா, மலம்தான், சிரிச்சு முடிச்சுட்டு வாங்க) ஆராய்ஞ்சு 2020-ல வெளியிட்டாங்க. குடல்ல பாக்டீரியா வகைகள் அதிகமா இருந்தவங்க மத்தியில இறப்பு குறைவா இருந்துச்சு. இது ஒரு தொடர்பு, அவ்வளவுதான். அதுதான் காரணம்னு இந்த ஆய்வு நிரூபிக்கல. கோரிலேஷன் வேற, காஸேஷன் வேறன்னு செமஸ்டர் பேப்பர்ல எழுதுற நமக்கு, ஃபார்வர்ட் பட்டனைத் தட்டும்போது மட்டும் அது மறந்துடுது.

தயிர் தானே, என்ன கெட்டுப்போச்சுன்னு கேக்கலாம். கீமோ ஓடிட்டு இருக்கிற ஒருத்தருக்கு, இதைப் படிச்ச சொந்தக்காரர் டாக்டர்கிட்ட கேக்காமலே புரோபயாடிக் கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுத்தா? எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்புல அந்த 'நல்ல' பாக்டீரியாவே ரத்தத்துக்குள்ள போய் தொற்று ஆகலாம். இப்படி நடந்த கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு.

குரூப்ல இதையெல்லாம் டைப் பண்ணினேன். "ஓவரா சீன் போடாத மச்சி"ன்னு பதில் போட்டான் ஃபார்வர்ட் பண்ணினவன். சளி பிடிச்சாலே மெடிக்கல் ஷாப்புக்குப் போய் சீட்டு இல்லாம அஸித்ரோமைசின் வாங்கி, ரெண்டு நாள் போட்டுட்டு மிச்சத்தை ரூம்மேட்டுக்குக் கொடுக்கிற ஆள் அவன். குடல் பாக்டீரியா மேல அவ்வளவு பாசம்னா, முதல்ல அந்த ஸ்டிரிப்பைக் கீழ வைடா.