தோற்ற ஆட்டத்தைக் காட்டு

ஈரோட்டைச் சேர்ந்த இனியன் 2019இல் இந்தியாவின் 61ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். பெருந்தொற்று ஆண்டான 2020இல், இணையவழி நடந்த உலக ஓப்பன் சதுரங்கப் போட்டியில் முதலிடம் பெற்றார். 2025இல் குண்டூரில் தேசிய சாம்பியன். இந்த வரிசை கவனிக்கத்தக்கது. பலகையில் தேறியவர் திரையில் வென்றார். மீண்டும் பலகையிலும் வென்றார்.

கொங்குப் பகுதிப் பெற்றோர் பலர் பிள்ளையின் இணையப் புள்ளி 2000ஐத் தாண்டியதும் பூரித்துப்போகிறார்கள். அந்த எண் அந்தந்தத் தளத்தில் ஆடுபவர்களுக்குள் கணக்கிடப்படுவது. ஃபிடே வழங்கும் எலோ எண்ணோடு அதை நேராக ஒப்பிட முடியாது. மூன்று நிமிட ஆட்டம் கண்ணையும் கையையும் கூர்மையாக்கும். யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய இறுதிக்கட்டத்தில், நான்காவது மணி நேரத்திலும் நிதானம் இழக்காமல் இருக்கும் பொறுமையை அது சோதிப்பதில்லை.

வலுவான இணைய ஆட்டக்காரரை எடைபோட, அவர் தோற்ற இருபது ஆட்டங்களை எடுத்தால் போதும் என்பது எங்கள் கருத்து. துணி வாங்குபவர் மறுபக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதைப் போலத்தான் இதுவும். எங்கே சறுக்கினோம், அப்போது என்ன நினைத்தோம் என்பதை முதலில் அவரே தாளில் எழுதட்டும். கணினியின் தீர்ப்பைப் பிறகு பார்க்கட்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே அவருக்கான பாடம். பிழை தொடக்க நகர்வுகளிலா, நேர நெருக்கடியிலா, இறுதிக்கட்டத்திலா என்பது அதில் தெரிந்துவிடும். கணினியை முதலில் திறந்தால் விடை கிடைக்கும். யோசித்த வழியிலிருந்த பிழை மறைந்துவிடும்.

பிள்ளையிடம் புள்ளி எவ்வளவு என்று நாள்தோறும் கேட்கிறோம். கடைசியாகத் தோற்ற ஆட்டத்தைக் காட்டச் சொல்லி, அருகில் அமர்ந்து கேட்டிருக்கிறோமா?