மீனுக்கு மீனே இரையா?

வைகை அணையிலும் நம் பள்ளத்தாக்கின் குளங்களிலும் கட்லா, ரோகு மீன்கள் வளரக் காண்கிறோம். இவற்றுக்குத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் இடுவது நெடுநாள் வழக்கம். ஆனால் இறாலும் கொடுவாவும் வளர்ப்போர் மீன்தூளையே பெரிதும் நாடுகின்றனர். ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். அரைபடுவனவோ மத்தியும் நெத்திலியும். மலையடிவாரத்து ஏழைக்கும் கருவாடாகக் கிட்டுபவை.

பெரு நாட்டுக் கடலில் 1972-இல் நெத்திலி வளம் குன்றியபோது உலகெங்கும் தீவன விலை ஏறிற்று. ஆகவே அறிஞர் மாற்று தேடுகின்றனர். சோயாப் பிண்ணாக்கில் புரதம் மிகுதி, மெத்தியோனின் குறைவு. கடலைப் பிண்ணாக்கில் லைசினும் குறைவு; ஈரம் பட்டால் பூஞ்சை நஞ்சும் சேரும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலோ காசிப்பால் என்னும் நச்சுப்பொருள் உண்டு. எனவே, ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்யுமாறு அளவறிந்து கலத்தல் வேண்டும். காய்கறிக் கழிவில் ஒருவகை ஈயின் புழுக்களை வளர்த்து, உலர்த்தித் தீவனமாக்கும் முறையும் இன்று பரவி வருகிறது.

அன்பர்களே, கம்பம், சின்னமனூர்ப் பகுதிகளில் அரிசி ஆலைத் தவிட்டுக்கும் சந்தைக் கழிவுக்கும் பஞ்சமில்லை. குளம் உடையோர் பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை விலக்கி, இவற்றின் பயனை ஆய்ந்தறிவாராக. ஏழையின் கலத்து மீனைப் பறித்துச் செல்வர் உண்ணும் மீனைக் கொழுக்க வைப்பது அறமாகாது என்போம்.