தீக்குச்சி வேண்டாம், வயசு போதும்

படத்துல பார்த்திருப்பீங்க. வில்லன் ஆயுதக் கிடங்குக்குத் தீ வைப்பான், தோட்டாக்கள் நாலா பக்கமும் பறந்து ஆட்களைச் சாய்க்கும். நிஜத்தில் அப்படி நடக்காது. குழலுக்குள் இருந்தால்தான் வாயு அடைபட்டு குண்டை வேகமாகத் தள்ளும். தீயில் வெந்து வெடிக்கிற தனித் தோட்டாவில் பித்தளை உறைதான் கிழிந்து தெறிக்கும். அதுவும் காயப்படுத்தும்தான். ஆனா கப்பலையே பிளக்கிற ஆபத்து வேற இடத்துல இருக்கு.

1907 மார்ச் 12, பிரான்சின் தூலோன் துறைமுகம். டிரை டாக்கில் நின்ற 'இயேனா' போர்க்கப்பலின் மருந்தறை வெடித்தது. எதிரியும் இல்லை, சண்டையும் இல்லை. கப்பலைச் சுற்றித் தண்ணீர் இல்லாததால் மருந்தறையை மூழ்கடிக்க வழியில்லை. 'பாத்ரீ' என்ற இன்னொரு போர்க்கப்பல் டாக்கின் கதவை உடைக்கச் சுட்டுப் பார்த்தது. குண்டு பட்டுத் தெறித்துவிட்டது. கடைசியில் ஒரு இளம் அதிகாரி கையால் திறந்துவிட்ட பிறகே தண்ணீர் வந்தது. அவரும் பிழைக்கவில்லை. மொத்தம் சுமார் 120 பேர் பலி.

சந்தேகம் 'பூத்ர் பி' மேல் விழுந்தது. 1884-ல் பால் வியேய் உருவாக்கிய புகையில்லா வெடிமருந்து அது. அதன் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். சும்மா வைத்திருந்தாலே அது மெதுவாகச் சிதையும். அப்போது வெப்பமும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெளிவரும். அந்த ஆக்சைடுகள் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அறை சூடானால் கேட்கவே வேண்டாம். வெப்பம் வெளியேறுவதைவிட வேகமாக உருவாகும் கட்டத்தில், யாரும் தொடாமலே தீப்பிடிக்கும்.

விசாரணைகள் நடந்தன. ஆனாலும் அதே வகை மருந்து கப்பல்களில் இருந்தது. 1911 செப்டம்பர் 25, அதே தூலோனில் 'லிபெர்த்தே' வெடித்தது. இந்த முறை 200-க்கும் மேற்பட்டோர் பலி. அந்த ஆக்சைடுகளைப் பிடித்துக்கொள்ளும் டைஃபினைலமைன் போன்ற ஸ்டெபிலைசர்கள் பின்னால் வழக்கமாயின. அதுவும் காலப்போக்கில் தீரும். அதனாலதான் பழைய சரக்கை அவ்வப்போது சோதிச்சே ஆகணும்.

என் கருத்து இதுதான். பூத்ர் பி புதுசில் நன்றாகவே சுட்டது. அது பழசானால் என்ன ஆகும் என்ற கேள்விக்குத்தான் நேரத்தில் பதில் கிடைக்கவில்லை. நாமும் அப்படித்தானே? டெமோ அன்னைக்கு ஓடினா போதும், மார்க் வந்துடும். ரெண்டு வருஷம் கழிச்சு அது எப்படி இருக்கும்னு ரிவ்யூல யாரும் கேட்கிறதில்லை.

உங்க ஹாஸ்டல் அலமாரியில் உப்பிப்போன பவர் பேங்க் இருக்கா? கெமிஸ்ட்ரி வேற, ஆனா வெப்பக் கணக்கு அதேதான். இன்னைக்கே அதை இ-வேஸ்ட்டில் கொடுத்துடுங்க. அடுத்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, 'இது எப்படிப் பழசாகும்?' என்று எழுதுங்க. யாரும் கேட்காவிட்டாலும்.